குரலைத் தாழ்த்திய இடம்

என் மகளுக்கு ஒன்பது வயது. நான் வாசிக்கும்போது வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். ஒரு சொல்லை நான் மாற்றிவிட்டாலும் அந்த விரல் அங்கேயே நின்றுவிடும். போன மாதம் ஒரு ராத்திரி அப்படித்தான் நின்றது.

கையில் இருந்தது பாரதியார் கவிதைகள். என் அப்பா வைத்திருந்த பிரதி. முதுகு கிழிந்து பழுப்புத்தாள் ஒட்டியிருக்கும். 'வந்தே மாதரம் என்போம்' பாட்டு. "ஜாதி மதங்களைப் பாரோம்" என்ற முதல் சரணத்தை முடித்ததும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு "ஆயிரம் உண்டிங்கு ஜாதி"க்குத் தாவிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரணம் இருக்கிறது. அதை விட்டுவிடுவது என்று படுக்கையில் வந்து உட்காருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

"அம்மா, நடுவுல ஒண்ண விட்டுட்ட."

"தெரியாம விட்டுட்டேன்டா" என்றேன். அது பொய். பிறகு வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

ஈனப் பறையர்க ளேனும் – அவர்
எம்முடன் வாழ்ந்திங் கிருப்பவர் அன்றோ?
சீனத்த ராய்விடு வாரோ? – பிற
தேசத்தர் போற்பல தீங்கிழைப் பாரோ?

இரண்டாவது சொல் வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. கதவுக்கு வெளியே யாரோ நிற்பதுபோல. "ஈன" என்பதைச் சத்தமாகத்தான் சொன்னேன், அடுத்த சொல்லைத்தான் முணுமுணுத்தேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. அதை எனக்குச் சொன்னவள் வேறொருத்தி. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 1994க்குப் போக வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு. சுதந்திர தின விழாவில் சேர்ந்து பாடுவதற்காக டீச்சர் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒரு வரி சொல்ல, நாற்பது பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தச் சரணத்தின் முதல் வரியைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தொண்டை கட்டியிருக்கலாம், வரி மறந்திருக்கலாம். அந்த இரண்டு மூன்று நொடியில் வகுப்பில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாவது பெஞ்சின் ஓரத்துக்குத் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்தவள் என் தோழி. தினமும் அவள் டிபன் பாக்ஸில் இருந்து எனக்கு ஒரு வாய் எடுத்துக்கொள்வேன், என்னுடையதில் அவள் எடுத்துக்கொள்வாள். அவள் எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

அவள் நோட்டில் மார்ஜின் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் போட்டாள். தாள் கிழிந்துவிட்டது. அது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

அந்தச் சரணத்தை நான் விட்டுவிட நினைத்ததற்கு இதுதான் காரணம். எழுத்தைக் கண்ணால் படிப்பது வேறு, வாய்விட்டு வாசிப்பது வேறு. வாசிக்கிறவர் தன் குரலைக் கொடுத்துத்தான் அதைச் சொல்கிறார். பாரதியார் 1908இல் அச்சில் விட்ட ஒரு சொல்லை, பிள்ளைகள் கேட்பது அம்மாவின் குரலில், டீச்சரின் குரலில். அவர்களுக்கு அது பழைய காலத்துச் சொல்லாகப் போய்ச் சேராது, இன்று ராத்திரி அம்மா சொன்னதாகத்தான் சேரும்.

என் மகள் முதலில் கேட்டது "ஈனம்னா என்ன?" என்று. கீழானது, மட்டமானது என்றேன். "யாரு மட்டம்?" யாரும் இல்லை என்றேன். "அப்ப ஏன் பாரதியார் சொல்றாரு?" இதற்கு என்னிடம் உடனே பதில் வரவில்லை. என் அப்பா இருந்தபோது இதே கேள்வியை நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். பாரதி மேல் அப்படி ஒரு பக்தி அவருக்கு. "ஏனும்னு போட்டிருக்காரு பாரும்மா. மத்தவங்க ஈனம்னு சொல்றாங்க, அப்படியே வெச்சுக்கிட்டாலும் அவங்க நம்ம கூடத்தான இருக்காங்கன்னு கேக்கறாரு. ஊர்க்காரன் வாய அடைக்கறதுக்காகச் சொன்னது" என்பார். அந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது என்றே இப்போதும் நினைக்கிறேன். முந்தின சரணத்தில் வேதியரும் வேறு குலத்தவரும் ஒன்று என்று சொன்னவர்தானே. நான் அதை அப்படியே மகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ முட்டாளா இருந்தாலும் எங்க டீம்லதான் இருக்கன்னு சொல்ற மாதிரியா?" என்றாள்.

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

"அப்ப எனக்குக் கோவம்தான் வரும். டீம்ல சேத்துக்கிட்டாலும்."

அப்புறம் இன்னொன்று கேட்டாள். "எம்முடன்னா எங்ககூட. அந்த எங்க யாரு? அவங்க அதுல இல்லையா?" சரணத்தின் முடிச்சு அதுதான். பாட்டு முழுக்க எல்லாரும் ஒன்று என்கிறது. ஆனால் இந்த நாலு வரியில் மட்டும் பேசுகிறவர்கள் ஒரு பக்கமும் பேசப்படுகிறவர்கள் இன்னொரு பக்கமும் நிற்கிறார்கள். முப்பது வருடமாகத் தெரிந்த பாட்டில் நான் கவனிக்காத "எம்முடன்" என்ற சொல்லை ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். "சீனாக்காரங்க கெட்டவங்களா?" என்றும் கேட்டாள். அதற்கு இல்லை என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. சொல்லை மாற்றிப் பார்ப்போமா என்று தோன்றியது. ஈன, சீன என்று இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகை அது. அதைக் கெடுக்காமல் வேறு சொல் போட வேண்டுமானால் "மானப் பறையர்களேனும்" என்று சொல்லலாம், ஓசை கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பொருள் சரிந்துவிடுகிறது. மானமுள்ளவர்கள் ஆனாலும் எங்களுடன் இருப்பவர்கள் அல்லவா? அது எப்படி ஒரு வாதமாகும்? "ஏனும்" வந்துவிட்டதால் அதற்கு முன்னால் ஒரு குறை வந்தே ஆக வேண்டும். ஒரு சொல்லை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று பார்த்தால், நாலு வரியும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. எதுகைக்காக வந்து விழுந்த சொல் என்று சொல்லி அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

மற்ற ஊரில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பின மக்களை இழிக்கும் சொல் 219 இடங்களில் வருகிறது. 2011இல் வந்த ஒரு பதிப்பு அத்தனையையும் 'அடிமை' என்று மாற்றியது. ஸ்வீடனில் பிப்பி என்ற சிறுமியின் கதையில் அவள் அப்பாவுக்கு இருந்த, கறுப்பினத்தவரைக் குறிக்கும் பழைய சொல்லோடு சேர்ந்த பட்டத்தை 2015 பதிப்பில் 'தென்கடல் அரசர்' என்று மாற்றினார்கள். எனக்கு இரண்டாவதில் குறையொன்றும் தெரியவில்லை. அது ஒரு பட்டம், மாற்றினாலும் கதைக்குச் சேதமில்லை. முதலாவது உறுத்துகிறது. அந்த ஊரும் அந்தக் காலமும் மனிதர்களை எப்படிக் கூப்பிட்டன என்பதைக் காட்டுவதற்குத்தான் அந்த நாவலே இருக்கிறது. வசை பேசுகிறவன் வாயிலிருந்து வரும் வசையை எடுத்துவிட்டால் அவன் நல்லவனாகிவிடுவான். நம் நந்தனார் கதையிலும் அப்படித்தான். வேதியர் நந்தனைச் சாதி சொல்லித் திட்டும் இடத்தில் கேட்கிற பிள்ளைக்கு வேதியர் மேல்தான் கோபம் வரும். ஆனால் பாரதி பாட்டில் அப்படி ஒரு பாத்திரம் நடுவில் இல்லை. சொல் நேராகப் பாடுகிறவரின் வாயிலிருந்து வருகிறது, கூடப் பாடுகிற நம் வாயிலிருந்தும்.

வாய்க் கதைகளில் இந்தக் குழப்பமே எனக்கு இல்லை. பாட்டி சொன்ன கதைகளை நான் சொல்லும்போது குருடன், நொண்டி என்பதையெல்லாம் யோசிக்காமல் மாற்றிவிடுகிறேன். கதை ஒவ்வொரு வாயிலும் மாறித்தான் வந்திருக்கிறது. "அடி சண்டாளி" என்று பாட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்வார், செல்லமாகவும் கோபமாகவும். சண்டாளா என்பது நம் மாநிலத்துப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர் என்று வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றோடு அந்தச் சொல்லைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆத்திசூடியில் "தையல்சொல் கேளேல்" வரும் இடத்தில் நிறுத்தி, பாரதியின் புதிய ஆத்திசூடியில் இருக்கும் "தையலை உயர்வு செய்" என்பதையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுவோம். அதில் பெரிதாக ஒன்றும் சிரமமில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் தோழிக்கு போன் செய்தேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு நாலைந்து முறை பேசிக்கொள்வோம். அந்த ஏழாம் வகுப்பு நாளைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கா, அந்தப் பாட்டு?

"இருக்காம?" என்றாள். குரலில் மாற்றமில்லை. "ஆனா ஒண்ணு சொல்றேன். பாட்டு என்னப் பாக்கலடி. நீங்கதான் பாத்தீங்க."

நான் திரும்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருடம் தாமதமாக. "ம்" என்றாள். அதற்கு மேல் அதில் நிற்க அவளுக்கு விருப்பம் இல்லை. நானும் இழுக்கவில்லை. மகளுக்கு வாசித்த கதையைச் சொன்னேன். வாசித்துக் காட்டு என்றாள். போனிலேயே வாசித்தேன். முதல் வரி முடிந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"எங்க பேர ஏன் மெதுவாச் சொல்ற?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஈனன்றத நல்லாத் தெளிவாச் சொன்ன. பேரு வந்தப்ப வாய மூடிக்கிட்ட. எதுடி கெட்ட வார்த்தை? பேரா, முன்னாடி இருக்கறதா?"

அன்று மத்தியானம் அவள் எனக்குச் சொல்லிய விஷயங்களில் பலவும் நான் படித்திருக்க வேண்டியவை. 1893இல், அதாவது பாரதியின் தொகுப்பு வருவதற்குப் பதினைந்து வருடம் முன்பே, சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. சொல்லக் கூசிய பெயரை முகப்பில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்றார். அயோத்திதாசர் அதற்கு நேர்மாறான வழியில் போனார். அந்தப் பெயரே மற்றவர்கள் சுமத்தியது என்றார், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை 1907இல் இதே சென்னையிலிருந்து வந்தது. பாரதியும் அப்போது அங்கேதான் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்க ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்று எழுதும்படி செய்தார். வைத்துக்கொண்டவர், மறுத்தவர், மாற்றியவர் என்று அத்தனை பேரும் அந்தப் பெயருக்கு உரியவர்களாக இருந்து பேசியவர்கள்.

"என் பசங்களுக்கு நான் முதல்ல சீனிவாசன் கதையத்தான் சொன்னேன். அப்புறமாத்தான் இந்தப் பாட்டு. முதல்லயே இந்தப் பாட்டுல அவங்க பேரக் கேட்டிருந்தா, அது ஈனத்தோட ஒட்டிக்கிட்டேதான் போயிருக்கும்."

பாரதியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஏன் விடணும் என்றாள். அவளுக்குப் பிடித்த பாட்டு அவரே பின்னால் எழுதிய விடுதலைப் பாட்டு. "பறையருக்கும் இங்கு தீயர் புலையருக்கும் விடுதலை, பரவரோடு குறவருக்கும் மறவருக்கும் விடுதலை." அதில் அந்தப் பெயர் முதல் சரணத்தின் முதல் சொல்லாக வருகிறது. முன்னால் ஒரு அடைமொழியும் இல்லை. தீயர் என்பதும் ஒரு சாதியின் பெயர்தான். புதுச்சேரியில் இருந்தபோது கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டவரும் இதே பாரதிதான். ஈனம் என்று எழுதும்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். ஒரே மனிதர் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நடந்து போயிருக்கிறார். ஈனம் வரும் சரணத்தை மறைத்துவிட்டால் அவர் நடந்த தூரம் பிள்ளைகளுக்குத் தெரியவே போவதில்லை என்பது இப்போது என் எண்ணம். பூணூல் போடுவதால் என்ன ஆகிவிடும் என்று தோழி கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான்.

அன்று ராத்திரி மகளுக்கு மறுபடி வாசித்தேன். முதலில் பத்திரிகையின் கதை, அப்புறம் 1908இன் சரணம், அப்புறம் விடுதலைப் பாட்டு. பக்கத்துக்கு ஒரு விரலாக இரண்டிலும் வைத்துக்கொண்டாள். "இங்க ஈனம் இருக்கு, இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, பென்சில் எடுத்து ஈன என்பதன் மேல் கோடு போடட்டுமா என்று கேட்டாள். தாத்தா புத்தகம், கோடு போட வேண்டாம், ஓரத்தில் எழுது என்றேன். "தப்பு" என்று எழுதி, கீழே தேதியும் போட்டிருக்கிறாள்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாசிப்பது இவ்வளவுதான். மொட்டைமாடி வேறு. திருச்சியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள், ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை. யார் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் எங்களுக்குத் தெரிந்திருந்த மாதிரி. அவர்களில் ஒரு பிள்ளையை, தன் பெயரைச் சொல்லி எல்லாருக்கும் பாடம் நடத்துகிற இடத்தில் நான் உட்கார வைத்துவிடக் கூடாது. எனக்கு இருந்த பயம் அதுதான். பத்து நாள் இதையே யோசித்தேன். தோழியிடம் மறுபடி கேட்டேன். "நிறுத்தாத. யார் மூஞ்சியும் பாக்காத. குரல எறக்காத. அவ்ளோதான்" என்றாள். "தலையத் தூக்கிப் பாத்தீன்னா நீயும் டீச்சரும் ஒண்ணு."

போன ஞாயிறு வாசித்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் போட்டிருந்தோம். முதலில் பத்திரிகையின் கதையைச் சொன்னேன், மனப்பாடம் செய்துவைத்திருந்த மாதிரி தடங்கல் இல்லாமல். பெயரை முழுக் குரலில் சொன்னேன். பிறகு, இந்தப் பாட்டில் ஒரு சொல் தவறான சொல், அது "ஈன" என்ற சொல், எந்த மனிதருக்கும் அது பொருந்தாது, எழுதியவரே பின்னால் அதை விட்டுவிட்டு வேறு பாட்டு எழுதினார் என்று வாசிப்பதற்கு முன்பே சொன்னேன். அந்தச் சரணம் வந்ததும் நிறுத்தாமல் ஓட்டத்தோடு வாசித்து, அடுத்ததற்குப் போனேன். கண் புத்தகத்திலேயே இருந்தது. யாராவது யாரையாவது திரும்பிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது. பார்க்கவில்லை.

"ஓர் தாயின் வயிற்றில் பிறந்தோர் தம்முள் சண்டைசெய்தாலும் சகோதரர் அன்றோ" என்ற இடத்தில் அண்ணன் தம்பி இருவர் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஒரு பெண் அந்தப் பத்திரிகை இப்போதும் வருகிறதா, எத்தனை பக்கம் இருக்கும் என்று கேட்டாள். வருவதில்லை என்றேன். பக்கக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு பையன் விடுதலைப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னான். பாடி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

ராத்திரி தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன், வாசித்துவிட்டேன் என்று. "குரல் எறங்குச்சா?" என்று கேட்டிருந்தாள். இல்லை என்று எழுதினேன். அடுத்த வாரம் என்ன என்று கேட்டாள். நந்தனார் கதை சொல்லலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

உடனே பதில் வந்தது. "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு."